ஏலக்காய் முடிச்சு: ஆறு வயதுப் பையனின் சாயங்காலக் கோபமும் மூன்று தைலப் பாட்டில்களும்

கம்பம் பள்ளத்தாக்கில், மலையடிவாரத்தை ஒட்டிய ஓர் ஊரில் நடந்தது இது. கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குத் தினமும் ஜீப்பில் போய்வருகிற பெண்கள் நிறைந்த தெரு. நான் இந்தப் பக்கத்துப் பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் போய்க் குழந்தைகளைப் பார்க்கிற மனநல ஆலோசகர், மருத்துவர் இல்லை. குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். யாரென்று அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

குழந்தை முரண்டு பிடித்தால், தூங்காவிட்டால், படிக்க உட்காராவிட்டால் வாசனைத் தைலம் வாங்கி வைக்கிற பழக்கம் இங்கே வேகமாகப் பரவுகிறது. இந்த வீட்டில் வாசனை ஒரு வழியில் உண்மையாகவே கைகொடுத்தது. அதே வீட்டில் ஒரு தைலப் பாட்டில் இரண்டு வயதுக் குழந்தையை ஆஸ்பத்திரியில் ஓர் இரவு படுக்க வைத்தது. அதில் என் தவறும் உண்டு.

பின்னணி

பையனுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. தங்கைக்கு இரண்டு வயது நெருங்குகிறது. அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, மாதம் ஒருமுறை வருவார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அம்மாவைப் பெற்றவர். பிள்ளைகள் அவரை அம்மாச்சி என்கிறார்கள்; நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

அம்மா காலை நாலரைக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டு ஐந்தரைக்குக் கிளம்பிவிடுவார். தெருமுனையில் ஏறும் ஜீப் கம்பம்மெட்டு வழியாக மலையேறி வண்டன்மேடு பக்கத்துத் தோட்டத்தில் இறக்கிவிடும். ஏலச்செடியில் காய்கள் ஒரே நேரத்தில் முற்றுவதில்லை. அதனால் ஆடி, ஆவணியில் தொடங்குகிற காய் எடுப்பு தை வரைக்கும் சுற்றுச் சுற்றாக நடக்கும். அந்த மாதங்களில் ஞாயிறு தவிர ஒரு நாளும் லீவு எடுக்க முடியாது. வீடு திரும்ப மாலை ஆறு, சில நாள் ஆறரை.

அந்த வருடம் ஆவணியில் பள்ளி ஆசிரியை வழியாக அம்மா என்னிடம் வந்தார். "ஸ்கூல்ல தங்கமான பிள்ளைங்கிறாங்க மேடம். வீட்டுக்கு வந்தா பேய் பிடிச்சவன் மாதிரி ஆயிடுறான்" என்றார். நாலேகாலுக்குப் பள்ளி விட்டு வந்ததும் பையைத் தூக்கி எறிவான். தங்கையைக் கடிப்பான், அம்மாச்சி மேல் துப்புவான். ரொம்ப மிஞ்சினால் தலையைச் சுவரில் முட்டிக்கொள்வான். அம்மா வந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் அடங்குவான். பிறகு பத்து மணியானாலும் தூங்க மாட்டான்.

என்னிடம் வருவதற்கு முன்பே அம்மா ஒரு வழி தேடியிருந்தார். குமுளிக்குப் போன உறவுக்காரப் பெண் ஒருவர், அங்கே ஒரு மசாலாக் கடையிலிருந்து மூன்று சிறு பாட்டில்கள் வாங்கி வந்திருந்தார்: லாவெண்டர், யூகலிப்டஸ், லெமன்கிராஸ். கூடவே மண்ணில் செய்த ஒரு வாசனை விளக்கு. மேல் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றித் தைலம் விட்டுக் கீழே மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். "பிள்ளை சாந்தமாகும், படிப்பும் ஏறும்" என்று கடையில் சொன்னார்களாம். பாட்டில்களின் மொத்த விலை அம்மாவுக்கு ஒரு நாள் கூலிக்கு மேல். இதை எழுதக் காரணம் இருக்கிறது. அந்தப் பாட்டில்களைத் தூக்கிப் போடுங்கள் என்று முதல் நாளே என்னால் சொல்ல முடியவில்லை.

முதல் நாள் பார்த்தது

ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கே போய் உட்கார்ந்துகொண்டேன். ஒற்றை அறையும் அடுப்படியும். ஒரே ஜன்னல், அதுவும் கொசுவுக்காகச் சாத்தியிருந்தது. பையன் வந்தான். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கினான். பத்து நிமிஷம் அமைதி. ஐந்து மணிக்கு அம்மாச்சி வாசனை விளக்கை ஏற்றி மூன்று பாட்டிலிலிருந்தும் கணக்குப் பார்க்காமல் ஊற்றினார். வெள்ளிக்கிழமை என்பதால் சாமி படத்துக்குச் சூடம் காட்டி, தணலில் சாம்பிராணியும் போட்டார். கால் மணி நேரத்தில் எனக்கே கண் எரிந்தது. பையன் மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருந்தான், இருமினான். ஐந்தரைக்குத் தங்கை அவன் பென்சிலைத் தொட்டாள். அவ்வளவுதான்.

அம்மாச்சியை நான் குறை சொல்லவில்லை. "நாங்கெல்லாம் வசம்பு கட்டி, தலைக்கு ஊத்தி சாம்பிராணி காட்டி வளர்த்த பிள்ளைகதான் தாயி இவங்கெல்லாம். வாசம் பிள்ளைக்கு நல்லதுதானே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர் வைத்தவர்கள் நம் பெரியவர்கள். வாசனைக்கும் பிள்ளைக்கும் உள்ள உறவை நம் வீடுகளுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அரோமாதெரபி என்ற பெயர்தான் புதுசு. பிரெஞ்சு வேதியியலாளர் கட்ஃபோசே 1937-ல் எழுதிய நூலிலிருந்து பரவியது அது.

ஆனால் ஒரு கிண்ணம் தணலில் விழும் சாம்பிராணித் தூளும், செடியைக் காய்ச்சி வடித்து எடுத்த தைலமும் ஒரே அளவு வீரியம் உள்ளவை இல்லை. கூடை கூடையாகப் புல்லை வேகவைத்தால் கொஞ்சம்தான் புல்தைலம், அதாவது லெமன்கிராஸ் தைலம், கிடைக்கும். மறையூர்ப் பக்கம் புல்தைலம் காய்ச்சுகிற அடுப்புக்கு அருகில் நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். அவ்வளவு செறிவானதைக் காற்றோட்டம் இல்லாத அறையில், புகையோடு சேர்த்து, இருமல் உள்ள பிள்ளைக்குக் காட்டிக்கொண்டிருந்தோம்.

அன்று இன்னொன்றும் பார்த்தேன். அதன் அருமை அப்போது எனக்குப் புரியவில்லை. ஆறேகாலுக்கு அம்மா வந்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கொடியில் போட்டார். பையன் அழுதுகொண்டே போய் அந்தத் துண்டை இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தான். இரண்டு நிமிஷத்தில் தேம்பல் நின்றது. விளக்கில் லாவெண்டர் இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

காலண்டர் தாள்கள்

எப்போது, எதற்கு முன், எவ்வளவு நேரம் என்று எழுதி வைக்கச் சொல்வது எங்கள் வழக்கம். அம்மாச்சிக்கு எழுத வராது. அவரே ஒரு வழி சொன்னார். சுவரில் தினசரி காலண்டர் தொங்கியது. பையன் ஒருமுறை ஆடித் தீர்த்தால் அன்றைய தாளில் கரித்துண்டால் ஒரு கோடு. விளக்கோ சாம்பிராணியோ போட்ட நாளென்றால் ஒரு வட்டம். மறுநாள் காலை தாளைக் கிழித்து, கடைக்காரர்கள் பில் குத்துவது போல ஒரு கம்பியில் குத்தி வைப்பார். இத்தனை வருஷத்தில் இவ்வளவு ஒழுங்கான பதிவை நான் படித்த பெற்றோரிடம்கூட அதிகம் பார்த்ததில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பதினான்கு தாள்களையும் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தோம். மொத்தம் 26 கோடுகள். இரண்டு ஞாயிறும் சேர்த்து ஒன்றே ஒன்று. செவ்வாய், வெள்ளி நான்கு நாளில் மட்டும் 12. மற்ற எட்டு நாளில் 13. எல்லாமே ஐந்து மணிக்கு மேல், ஆறரைக்குள்.

ஞாயிறு அம்மா வீட்டில் இருக்கிற நாள். செவ்வாயும் வெள்ளியும் புகை அதிகமான நாள். இதைச் சொன்னதும் அம்மா தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் வேலைக்குப் போறதுதான் காரணமா மேடம்?" என்றார். இந்த மாதிரி எண்ணிக்கை தாய்மாரை எப்படிக் குத்தும் என்று யோசிக்காமல் வெறும் கணக்காக வைத்துவிட்டேன். அவர் போகாவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. காத்திருக்கிற நேரம் பையனுக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது, அதைத் தாங்கும்படி செய்யத்தான் வழி தேடுகிறோம் என்று பிறகு சொன்னேன். அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

பள்ளி ஆசிரியையிடம் பேசினேன். அங்கே ஒரு புகாரும் இல்லை. குழந்தை மருத்துவரிடம் அனுப்பினேன். வளர்ச்சியில், காதில், பார்வையில் குறை இல்லை. ஆனால் நெஞ்சில் லேசான வீசிங் இருக்கிறது, வீட்டில் புகை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்.

முதல் முடிவுகள்

புரட்டாசி முதல் வாரத்தில் நான்கு பேருமாக உட்கார்ந்து பேசி முடிவெடுத்தோம்.

முதலாவது சாப்பாடு. இதை யாருமே யோசித்திருக்கவில்லை. பையனுக்குப் பள்ளியிலேயே காலை உணவு, மதியம் சத்துணவு. மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டவன் அம்மா வந்து சோறு போடும் ஏழு மணி வரை ஒன்றும் தின்பதில்லை. வந்ததும் ஒரு வாழைப்பழமும் அவித்த கடலையும் கொடுப்பது என்று வைத்தோம்.

இரண்டாவது புகை. சாம்பிராணியும் சூடமும் பிள்ளைகள் வெளியே இருக்கும்போது, கதவு ஜன்னல் திறந்து, காலையில். அம்மாச்சி இதற்கு ஒப்புக்கொள்ள ஒரு நாள் ஆனது. மருத்துவர் எழுதிய சீட்டை அம்மா வாசித்துக் காட்டியதும் சரி என்றார்.

மூன்றாவது தைலம். யூகலிப்டஸும் லெமன்கிராஸும் விளக்கில் ஊற்ற வேண்டாம் என்றேன். இரண்டும் இருமல் உள்ள பிள்ளையின் மூச்சுக்குழாயைக் கிளறக்கூடியவை. லாவெண்டரை மட்டும், தூங்கப்போகும் முன், ஒரு பஞ்சில் ஒரே துளி விட்டு, அறையின் மறுகோடியில் வைக்கலாம் என்று விட்டேன். அதற்கு மருத்துவக் காரணம் எதுவும் என்னிடம் இல்லை. குழந்தைகளின் நடத்தையை லாவெண்டர் மாற்றும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் மிகக் குறைவு. கூலிக் காசில் வாங்கியதை முழுசாகப் பிடுங்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். அந்தப் பாட்டிலைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம். செடியின் தாவரப் பெயரோ விளைந்த இடமோ அதில் இல்லை. லாவெண்டர் நம் மலையில் விளைகிற பயிரும் இல்லை. இந்தியாவில் அது காஷ்மீரை ஒட்டிய பதர்வா மாதிரிக் குளிர் மலைகளில் வளர்வது. பாட்டிலில் இருந்தது வெறும் செண்ட் கலவையாகக்கூட இருக்கலாம்.

நான்காவது அந்தத் துண்டு. மற்றப் புலன்களின் சேதி மூளைக்குள் தாலமஸ் என்ற இடைநிலையத்தைத் தாண்டித்தான் மேலே போகும். வாசனை அப்படிச் சுற்றுவதில்லை. மூக்கின் நரம்பிலிருந்து உணர்ச்சியும் நினைவும் உறையும் பகுதிக்கு நேரே போய்விடுகிறது. ஒரு வாசனை எந்த ஆளோடு, எந்த நேரத்தோடு சேர்ந்து வந்ததோ அதைத் தூக்கிக்கொண்டு வருவது அதனால்தான். பையனுக்கு லாவெண்டர் யாருடைய வாசனையும் இல்லை. பச்சை ஏலக்காயும் வேர்வையும் மலை ஈரமும் கலந்த அந்தத் துண்டு, அம்மா வந்துவிட்டாள் என்பதன் வாசனை. சரி, முந்தின நாள் துண்டைத் துவைக்காமல் வைத்துவிட்டுப் போங்கள், பள்ளி விட்டு வந்ததும் அவனிடம் கொடுங்கள் என்றேன்.

துண்டில் இருந்த இன்னொன்று

முதல் வாரமே தாள்களில் கோடு குறைந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒன்பதாவது நாள் அம்மா போனில் பேசும்போது போகிற போக்கில் சொன்னார்: "இன்னைக்கு மருந்தடிச்ச காட்டுல காய் எடுத்தோம் மேடம், மூஞ்சியெல்லாம் எரியுது."

ஏலத்துக்குத் தண்டுதுளைப்பானுக்கும் இலைப்பேனுக்கும் அடிக்கடி பூச்சிமருந்து அடிப்பார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் வேலை செய்கிற யாருக்கும் இது தெரியாத விஷயம் இல்லை, எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும், தோட்டத்தில் நாள் முழுக்க மருந்தடித்த செடிகளுக்கு நடுவே உரசிய துணியை வீசிங் உள்ள பிள்ளையின் முகத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அன்று மாலையே நிறுத்தச் சொன்னேன். இனி வேலைத்துணியை வாசலிலேயே கழற்றி, பிள்ளைகளின் துணியோடு சேர்க்காமல் தனியே அலசி, கை முகம் கழுவி, பிறகுதான் பிள்ளைகளைத் தூக்க வேண்டும் என்றும் பேசி முடிவு செய்தோம். அந்த வீட்டில் நான் சொன்னவற்றிலேயே உடம்புக்கு மிக நல்லது இதுவாகத்தான் இருக்கும். ஆனால் தப்பு செய்த பிறகு சொன்னது.

துண்டுக்குப் பதில் என்ன? வழி கண்டுபிடித்தவர் அம்மாதான். வீட்டில் மட்டும் கட்டுகிற ஒரு பழைய நூல் சேலையிலிருந்து உள்ளங்கையளவு கிழித்து, கடையில் வாங்கிய காய்ந்த ஏலக்காய் ஏழெட்டை வைத்து, நாலு பக்கமும் இரட்டைத் தையல் போட்டு ஒரு முடிச்சு செய்தார். இரட்டைத் தையல் தங்கைக்காக. ஏலக்காய் தொண்டையில் அடைக்கும். இரவு அந்த முடிச்சு அம்மாவின் தலையணைக்கடியில் இருக்கும். காலை கிளம்பும்போது அதைத் தூங்குகிற பையனின் கைப்பக்கம் வைத்துவிட்டுப் போவார். முழு ஏலக்காய் மெல்லத்தான் மணக்கும். முகத்தில் வைத்துத் தேய்த்தாலும் ஒன்றும் ஆகாது. அதே ஏலக்காயின் தைலத்தை ஏன் வாங்கக் கூடாது என்று பின்னால் ஒருவர் கேட்டார். ஏலத்தைலத்தில் கணிசமாக இருப்பது சினியோல் என்ற வேதிப்பொருள்; யூகலிப்டஸ் தைலத்திலும் முக்கியமான பொருள் அதுதான். அதனால் வேண்டாம் என்றேன்.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை

பையனுக்குச் சளி. அம்மாச்சி ஒரு துணியில் யூகலிப்டஸ் தைலத்தை விட்டு அவன் மார்பில் வைத்துவிட்டு, பாட்டிலை ஜன்னல் திட்டில் வைத்தார். சொட்டுச் சொட்டாக வருவதற்கென்று பாட்டில் வாயில் ஒரு பிளாஸ்டிக் அடைப்பு இருக்கும். சீக்கிரம் வரவில்லை என்று அதை எப்போதோ பிடுங்கி எறிந்திருந்தார். தங்கை கட்டில் மேல் ஏறி ஜன்னலை எட்டினாள்.

இருமல் சத்தம் கேட்டுத் திரும்பியபோது குழந்தையின் சட்டையெல்லாம் நனைந்து, வாயில் தைல வாடை. எவ்வளவு குடித்தாள், எவ்வளவு கொட்டியது என்று யாருக்கும் தெரியாது. ஒருமுறை வாந்தி எடுத்தாள். இருபது நிமிஷத்தில் தலை தொங்க ஆரம்பித்தது. பக்கத்து வீட்டில் உப்புத்தண்ணீர் கரைத்துக் கொண்டுவந்தார்கள். அதே நேரம் அம்மா ஜீப்பிலிருந்து இறங்கி வந்து பார்த்துவிட்டு எனக்குப் போன் போட்டார்.

வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பாலும் கொடுக்காதீர்கள், பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றேன். இந்த மூன்றையும் எல்லாரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வாந்தியின்போது தைலம் நுரையீரலுக்குள் போனால் அதுவே தனி ஆபத்து. மயங்கிக்கொண்டிருக்கிற குழந்தைக்கு அது இன்னும் மோசம். யூகலிப்டஸ் தைலம் இரண்டு மூன்று மில்லி, அதாவது அரை டீஸ்பூன் உள்ளே போனாலே சிறு குழந்தைக்கு மயக்கமும் வலிப்பும் வந்திருக்கிறது. பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். இறக்கிவிட்டுப் போன ஜீப் டிரைவரையே கூப்பிட்டு நிறுத்தி அதே வண்டியில் ஏறினார்கள். ஆஸ்பத்திரியில் இரவு முழுக்க மூச்சையும் நினைவையும் கவனித்தார்கள். வலிப்பு வரவில்லை. விடியற்காலை அம்மா என்று கூப்பிட்டாள். மறுநாள் மதியம் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

என் நோட்டில் புரட்டாசி மாதத் தேதியில் "யூகலிப்டஸ், லெமன்கிராஸ் நிறுத்தம்" என்று என் கையெழுத்தில் இருக்கிறது. எதற்கு நிறுத்தம்? பையனின் கோபத்துக்கு விளக்கில் ஊற்றுவது நிறுத்தம். சளிக்கு யூகலிப்டஸ் என்பது அந்த வீட்டில் வேறு கணக்கு. தலைவலிக்கும் சளிக்கும் தைலம் இல்லாத வீடு நம் பக்கம் உண்டா? பாட்டில் எங்கே இருக்கிறது, மூடி எப்படி, எட்டுகிற உயரமா என்று நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. இரண்டு வயதுப் பிள்ளை உள்ள வீட்டில் அது முதல் நாளே பார்க்க வேண்டியது.

அம்மாச்சி அதன் பிறகு பத்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை. காலண்டரில் கோடு போடுவதையும் விட்டுவிட்டார். நான் போனபோது, "என் கையாலதான் தாயி நடந்துச்சு" என்று மட்டும் சொன்னார். பாட்டிலை அங்கே வைத்தது நீங்கள், அதை வீட்டிலேயே இருக்க விட்டது நான் என்றேன். கொஞ்ச நேரம் கழித்துக் கம்பியில் குத்தியிருந்த பழைய தாள்களை எடுத்து வந்து, விட்டுப்போன நாள்களை என்ன செய்வது என்று கேட்டார். அப்படியே விட்டுவிடலாம், இன்றிலிருந்து போடுங்கள் என்றேன்.

பாட்டில்கள் போன பிறகு

மூன்று பாட்டிலும் வாசனை விளக்கும் வீட்டை விட்டுப் போயின. பூஜைக்கான சூடம், பூட்டுப் போட்ட மரப்பெட்டிக்கு. சூடக்கட்டி வெள்ளையாக, மிட்டாய் மாதிரி இருக்கும். அதை விழுங்கி வலிப்பு வருகிற குழந்தைகள் நம் நாட்டில் குறைவில்லை. சளிக்கு மருத்துவர் சொன்னதை மட்டும் செய்வது என்று முடிவானது.

மிஞ்சியது ஏலக்காய் முடிச்சு. அதைச் சுற்றி ஓர் ஒழுங்கு தானாகவே உருவானது. பள்ளி விட்டு வந்ததும் கை கால் கழுவி, பழம் தின்று, முடிச்சைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் தெருவில் விளையாட்டு. ஐந்தே முக்காலுக்கு அம்மாச்சி இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு ஜீப் நிற்கும் முனைக்குப் போவார். அங்கே ஒரு புளியமரம், அடியில் கல். மலையிலிருந்து இறங்குகிற ஜீப்புகளின் விளக்கு தூரத்திலேயே தெரியும். பையன் எண்ணிக்கொண்டிருப்பான். முன்பு நாலு சுவருக்குள் ஆடித் தீர்த்த அதே ஒரு மணி நேரம், இப்போது எதையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிற நேரமாக மாறியது. கோபம் ஏறுகிறது என்று தெரிந்தால் அம்மாச்சி, "முடிச்சை மோந்து பாரு, அஞ்சு தரம் மெதுவா" என்பார். ஐந்து தரம் மெதுவாக மூச்சு இழுத்து விட்டாலே பாதிக் கோபம் இறங்கும். பிள்ளையிடம் சும்மா மூச்சு விடு என்றால் விட மாட்டான், மோந்து பார் என்றால் செய்வான்.

விளைவு

பொங்கல் விடுமுறை முடிந்த இரண்டு வாரத் தாள்களை எடுத்துப் பார்த்தேன். 8 கோடுகள். ஞாயிறுகளில் ஒன்றும் இல்லை. செவ்வாய், வெள்ளியில் மற்ற நாள்களைவிட அதிகம் இல்லை. தலையை முட்டிக்கொள்வது மார்கழிக்குப் பிறகு ஒரே ஒருமுறை. தங்கையைக் கடிப்பது நின்றது, தள்ளிவிடுவது இருக்கிறது. ஒன்பதரைக்குத் தூங்கிவிடுகிறான். இருமல் நன்றாகக் குறைந்திருக்கிறது.

இதில் வாசனைக்கு எவ்வளவு பங்கு? பசி தீர்ந்தது, புகை போனது, தெருவுக்குப் போய் விளையாடினான், காத்திருக்க ஓர் இடம் கிடைத்தது. எல்லாம் ஏறத்தாழ ஒரே சமயத்தில் நடந்தன. நான் பந்தயம் கட்டுவதானால் புகை நின்றதற்கும் வாழைப்பழத்துக்கும்தான் முதல் இடம் கொடுப்பேன். அம்மா என்னோடு ஒத்துக்கொள்வதில்லை, முடிச்சுதான் என்கிறார். கையில் செய்து கொடுத்தவர் அவர், பிள்ளையைப் பக்கத்திலிருந்து பார்ப்பவரும் அவர்.

இன்று செய்தால் எதை மாற்றுவேன்

முதல் நாளே வீட்டிலுள்ள எல்லாத் தைலத்தையும் சூடத்தையும் ஒரு தட்டில் எடுத்து வைக்கச் சொல்வேன். மூடியைத் திறந்து மூடிப் பார்ப்பேன். இப்போது எல்லா வீட்டிலும் அப்படித்தான் தொடங்குகிறேன். பெற்றோர் வேலை செய்கிற இடத்தில் என்ன மருந்து அடிக்கிறார்கள் என்றும் கேட்கிறேன்.

தைலம் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்வதில்லை, சொன்னாலும் கேட்கமாட்டார்கள். சில வரம்புகளைச் சொல்கிறேன். இரண்டு வயதுக்குக் கீழ் எந்தத் தைலமும், புதினாவும் யூகலிப்டஸும் கற்பூரமும் கலந்த பாமும்கூட, முகத்தின் பக்கமே போகக் கூடாது. குழந்தைக்கு மூச்சே அடைத்துக்கொள்ளலாம். பெரிய பிள்ளைக்கு உடம்பில் பூசுவதானால் நீர்க்காமல் பூசக் கூடாது. 30 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு ஆறு சொட்டு விட்டால் ஏறத்தாழ ஒரு சதவீதம், அதற்கு மேல் வேண்டாம். வீசிங் உள்ள பிள்ளை இருக்கிற அறையில் தைலமும் வேண்டாம், புகையும் வேண்டாம். வலிப்பு வந்த பிள்ளை உள்ள வீட்டில் யூகலிப்டஸும் கற்பூரமும் இருக்கவே கூடாது. யூகலிப்டஸ் தைலத்தை வெறுமே முகர்ந்த பிறகு வலிப்பு வந்தவர்களைப் பற்றி 2017-ல் பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். லாவெண்டர் கலந்த சோப்பும் எண்ணெயும் தொடர்ந்து பூசிய சில சிறுவர்களுக்கு மார்பு வளர்ந்ததாக 2007-ல் அமெரிக்காவிலிருந்து வந்த செய்தியைப் பலர் கேட்கிறார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் அதில் ஒரே முடிவுக்கு வரவில்லை. ஆனாலும் தினமும் பூசத் தேவை என்ன?

இன்னொன்றும் மாற்றுவேன். காலண்டர் தாள்களை அம்மா முன்னால் பரப்பும் முன் அவரைத் தனியே கூப்பிட்டுப் பேசியிருப்பேன். "நான் வேலைக்குப் போறதுதான் காரணமா" என்று கேட்ட அந்த முகம் இன்னும் என் கண் முன்னால் நிற்கிறது.

மாசியில் கடைசியாகப் போனேன். காய் எடுப்பு முடிந்து அம்மா வாரத்தில் மூன்று நாள் வீட்டில் இருந்தார். முடிச்சின் துணி கறுத்துப்போய், ஏலக்காயின் வாசம் அடங்கிவிட்டது. பையன் அதை அம்மாச்சியிடம் நீட்டி, "வாசம் போயிருச்சு, புதுசு போட்டுத் தா" என்றான். அம்மாச்சி தையலைப் பிரித்துப் பழைய ஏலக்காயை எண்ணி எடுத்தார். ஒன்றுகூடக் குறையவில்லை என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் புதியதை வைத்துத் தைத்தார்.